வழுவும் வழுக்கலும்

தமிழ் இலக்கணம் கற்கும் மாணாக்கர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘வழு’. சொல் தன் நெறியில் நிற்குமாயின் அது வழாநிலை. நெறி பிறழுமாயின் அது வழு. பிறழ்ந்தும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஆன்றோர் அதனை ஏற்றுக்கொள்வாராயின் அது வழுவமைதி. இம்மூன்றையும் முப்பதாண்டுகளுக்கு மேலாக நாம் வகுப்பறையில் நடத்தி வருகின்றோம். அடுத்த பாடவேளையில் அரபு நூலைத் திறந்தால் அங்கே ‘ஜல்லத்’ என்னும் சொல் வந்து நிற்கும். கால் வழுக்குவதற்கும் அச்சொல்தான். நாத் தவறுவதற்கும் அச்சொல்தான். கற்றறிந்தோர் ஒருவர் கருத்தில் பிழைபட்டால் அதற்கும் அச்சொல்தான்.

ஒன்றோடொன்று உறவில்லாத இவ்விரு மொழிகளும் பிழைக்குப் பெயரிடும்போது வழுக்குதலையே நினைத்திருக்கின்றன. இது எண்ணிப் பார்க்கத்தக்கது. வழுக்கி விழுபவன் விழவேண்டும் என்று கருதி விழுவதில்லை. தன் காலடியில் தரை இருக்கிறது என்று நம்புகிறான். அந்த நம்பிக்கை அளவுக்கு அங்கே தரை இல்லை. பிழையின் இயல்பும் அதுதான் என்பது இச்சொற்களை ஆக்கியோர் கண்ட உண்மை போலும்.

ஆயினும் நம் ஊர்களில் வழுக்குதல் என்பது பெரும்பாலும் மழைக்காலத்துக் குளத்துப் படியோடு முடிந்துவிடுகிறது. பனி என்றாலும் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். அரபியரோ பனியைக் குளிர்ச்சிக்கும் ஆறுதலுக்கும் அடையாளமாக்கிக் கொண்டனர். மகிழ்ச்சி தரும் செய்தி ஒருவன் நெஞ்சைப் பனியாக்கிற்று என்பது அம்மொழியின் வழக்கு. வெயிலில் வெந்தவர் சொல்லக்கூடிய சொல் அது. ஆண்டில் ஐந்து திங்கள் அப்பனியின் மீதே நடந்தும் வண்டி ஓட்டியும் வாழ்கின்ற மக்கள் அதனை எவ்வாறு காண்கின்றனர் என்பதை அறியும் வாய்ப்பு, சென்ற குளிர்காலத்தில் நமக்கு வாய்த்தது.

நம் மகள் ஸ்வீடன் நாட்டின் வடபகுதியிலுள்ள ஊமெயோ நகரில் மருத்துவமனை ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றுகின்றாள். வீடு நகருக்கு வெளியே இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில். டிசம்பர்த் திங்களில் அங்கே பகல் என்பது ஐந்து மணி நேரம்கூட நீடிப்பதில்லை; போகும்போதும் இருள், வரும்போதும் இருள். ஆறு வயதுப் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் பணிக்குச் செல்ல வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை அந்நாட்டில் குடிபுகுந்தோர் ஓராண்டு வரையே பயன்படுத்தலாம். அதன்பின் அவர்கள் நாட்டு உரிமத்தைப் புதிதாகப் பெற்றாக வேண்டும். எட்டாண்டுகள் தமிழ்நாட்டில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையே நுழைந்து ஓட்டிய கைதான் அவளுடையது. ஆனால் பனிச்சாலை அவளுக்கு அதுவே முதன்முறை. விடியற்காலையில் அவள் வண்டி கிளம்பிச் செல்லும் ஓசை கேட்டபின், பணியிடத்திலிருந்து சேதி வரும்வரை நமக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அச்சம் கொண்டவன் அச்சத்தின் காரணத்தை ஆராயத் தொடங்குவது இயல்பு. அங்ஙனம் ஆராய்ந்து அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் பனி என்பது ஒன்றன்று, பல. புதிதாய்ப் பெய்த பனி மாவுபோல் பொலபொலவென்று கிடக்கும். வண்டிகள் ஏறி ஏறி இறுகிய பனி வெள்ளைத் தளமாகிவிடும். உருகி மீண்டும் உறைந்ததோ கண்ணாடி. இவை எல்லாவற்றினும் கொடியது, தார்ச்சாலையின் மேல் மெல்லிய ஏடாகப் படியும் பனிக்கட்டி. அதனூடே கருஞ்சாலை தெரிவதால் சாலை வெறுமனே நனைந்திருப்பதாகவே கண் சொல்லும். பாலங்களின் மேல் இது முந்திப் படிகிறது. ஏனெனில் பாலத்தைக் குளிர்காற்று மேலும் கீழுமாக இருபுறமும் தழுவுகின்றது.

இன்னுமொரு வியப்பு: குளிர் கடுமையாக இருக்கும் நாளைவிட உறைநிலையை ஒட்டிய நாளே ஓட்டுநருக்கு இடர் மிகுந்தது. கழி இருபது பாகையில் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்போடு சக்கரத்தைப் பற்றும். சுழி பாகையை நெருங்கும்போது அதன் மேற்பரப்பில் நீர்த்தன்மை மிகுந்து, பிடிப்பு அற்றுப்போகும். பனிக்கட்டியின் மேல் நீர்போன்ற ஒரு நுண்படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டளவிலேயே கருதினார். அப்படலம் எங்ஙனம் தோன்றுகிறது என்னும் ஆராய்ச்சி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆகவே ‘இன்று குளிர் குறைவு, கவலையில்லை’ என்று நம் ஊர்க் கணக்கில் எண்ணுவது அங்கே தவறான கணக்கு.

இனி வண்டியின் நிலையைப் பார்ப்போம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரைச் சாலையோடு பிணைப்பவை, நான்கு டயர்களின் அடியில் ஏறத்தாழ உள்ளங்கை அளவான நான்கு இடங்களே. அவ்விடங்களில் உள்ள உராய்வுதான் ஓட்டுநரின் முழுச் செல்வம். அதை ஒரு சிறு பணமுடிப்பு என்று கொள்ளலாம். வேகம் கூட்டவும், பிரேக் போட்டு நிறுத்தவும், ஸ்டியரிங்கைத் திருப்பி வளையவும் ஆகும் செலவு அனைத்தும் அந்த ஒரே முடிப்பிலிருந்துதான். உலர்ந்த தார்ச்சாலையில் முடிப்பு கனமானது. ஒரே வேளையில் இரண்டு செலவு செய்தாலும் தாங்கும். இறுகிய பனியில் அது ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது; வழுவழுப்பான பனிக்கட்டியில் எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அப்போது வளைந்துகொண்டே பிரேக்கை மிதிப்பவன் இல்லாத பணத்தைச் செலவழிக்கின்றவன் ஆகிறான்.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதற்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 மீட்டர் வேண்டும். இது கால் பிரேக்கைத் தொட்ட பின் ஆகும் தொலைவு மட்டுமே. ஆபத்தைக் கண்டு, கால் செயற்படுவதற்கு ஒரு வினாடி ஆனாலும் அதற்குள் வண்டி 14 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தொலைவு இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு ஆகும். பனிக்கட்டியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் 35 மீட்டரில் நிற்பது, 60 கிலோமீட்டர் வேகத்தில் 140 மீட்டரையும் கடந்து செல்லும்.

பிடிப்பு இழப்பதிலும் இருவகை உண்டு. முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பிழந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளையாமல் நேரே செல்லும். பதறிய கை இன்னும் அதிகமாகத் திருப்பும். அதனால் நிலைமை மோசமாகும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து, திருப்பியதைச் சற்றே தளர்த்தி, சக்கரம் மீண்டும் தரையைப் பற்றும்வரை பொறுத்திருப்பதே முறை. பின்சக்கரங்கள் பிடிப்பிழந்தாலோ வண்டியின் வால் வெளியே வீசும். வளைவின் நடுவே பிரேக் போட்டால் எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடுவதால் இது நேர்கிறது. அப்போது பிரேக்கைத் தொடாமல், வால் எப்பக்கம் போகிறதோ அப்பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. போகவேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். வண்டி நேராகத் தொடங்கியவுடன் கையையும் உடனே நேராக்க வேண்டும். இல்லையேல் வால் மறுபுறம் வீசும். இவ்வளவும் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் நடந்தாக வேண்டும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளை அங்கே பலர் வைத்திருக்கின்றனர். அவை பனியில் கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் பேருதவி. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. ஆதலின் நிற்கும்போது அவற்றுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. எளிதாய்ப் போக முடிந்ததனால் எளிதாய் நிற்கவும் முடியும் என்று எண்ணுவோரே இதில் ஏமாறுகின்றனர்.

இந்நிலையில் டயர் என்பது உயிர்காக்கும் பொருளாகிவிடுகிறது. வெப்ப நாட்டு டயரின் ரப்பர், வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே செல்லச் செல்ல விறைத்துப்போகும். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி ஆக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற எண்ணற்ற மெல்லிய பிளவுகள் பனியைக் கவ்வும். இத்தகைய டயரை முதன்முதல் 1934-ல் லாரிகளுக்காகச் செய்து தந்தவர்கள் பின்லாந்தின் நோக்கியா ஊர் ரப்பர்த் தொழிலாளர்கள். ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலையில் பனி நிலை இருக்குமாயின் குளிர்கால டயர் கட்டாயம். வட பகுதியில் பலரும் உலோக ஆணி பதித்த டயர்களையே பூட்டுகின்றனர். பனியற்ற இடத்தில் அவ்வண்டி செல்லும்போது தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல் ஓர் ஓசை எழும். அந்த ஓசைக்கும் ஒரு விலை உண்டு. ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டித் தூசி எழுப்புகின்றன. இதனாலேயே ஜப்பான் 1990-ல் சட்டமியற்றி அவற்றைக் கட்டுப்படுத்திற்று. ஜெர்மனி சாலைகளின் தேய்வைக் கருதி 1975-லேயே தடைசெய்தது.

இவற்றையெல்லாம் மகள் நூலில் படித்துவிட்டாள். ஆனால் அந்நாட்டில் படித்தது போதாது. உரிமம் கேட்போர் அனைவரும் வழுக்குத் தளம் ஒன்றில் வண்டி ஓட்டிப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது சட்டம். அவளது முறை வந்த நாளில் நாமும் உடன் சென்று வேலிக்கு அப்பால் நின்றோம். பரந்த வெளியில் மெருகிட்டதுபோல் பனிக்கட்டித் தளம். ஆங்காங்கே ரப்பர்க் கூம்புகள். மோதினாலும் எதற்கும் கேடில்லை.

பயிற்றுநர் செய்த முறை நம்மைக் கவர்ந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்புமுன், ‘இந்த இடத்தில் பிரேக் போட்டால் வண்டி எங்கே நிற்கும்? அங்கே ஒரு கூம்பை வையுங்கள்’ என்றார். மகள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, தான் வைத்த கூம்பைச் சற்றே தாண்டி நின்றாள். அடுத்து 50 கிலோமீட்டர். இம்முறை கூம்பை இன்னும் தள்ளியே வைத்தாள். வண்டி அதையும் கடந்து, நாம் நின்ற வேலியையும் கடந்து, நம் பார்வையில் ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தது. அதன்பின் வளைவு. ஒரு வேகத்தில் அழகாய்த் திரும்பிய அதே வளைவில், ஐந்து கிலோமீட்டர் கூட்டியவுடன் வண்டி சுழன்று பின்புறம் முன்னாக நின்றது. மகள் வண்டியிலிருந்து இறங்கிச் சிரித்தாள். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

அன்றிரவு உணவின்போது, ‘என்ன கற்றுக்கொடுத்தார்கள் மகளே?’ என்று கேட்டோம்.

‘சறுக்கினால் வண்டியை எப்படி மீட்பது என்று கற்றுத்தருவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன், வாப்பா. என்னால் மீட்க முடியாது என்பதைத்தான் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள்’ என்றாள்.

ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நமக்கு இவ்விடை புதிராக இருந்தது. தேடிப் படித்தபோது அதற்குப் பின்னே ஒரு வரலாறு இருப்பதைக் கண்டோம். அண்டை நாடாகிய நார்வேயிலும் வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, வண்டியைக் கையாளும் திறனை வளர்க்க முற்பட்டனர். 1988-ல் வெளிவந்த ஆய்வு அதன் விளைவைக் கணக்கிட்டபோது, பயிற்சிக்குப்பின் இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. ஸ்வீடனில் கிரெகர்சன் என்னும் ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தைக் காட்டிற்று. பயில்வோரை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்குத் தரையில் திறம்படச் செயற்படும் பயிற்சி. மற்றக் குழுவுக்குத் தம் திறமை எத்துணை வரம்புடையது என்பதை உணர்த்தும் பயிற்சி. பின்னர்ச் சோதித்தபோது உண்மைத் திறமையில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. ஆனால் முதற்குழுவினர் தம்மைப்பற்றி மிகுதியாக மதிப்பிட்டிருந்தனர்.

இதனைப் படித்த நாள் நாம் நெடுநேரம் சிந்தித்தோம். அரைநாட் பயிற்சி கையைத் தேர்ச்சி பெறச் செய்வதில்லை. மனத்தை மட்டும் தேர்ந்துவிட்டதாக நம்பச் செய்கிறது. அந்த நம்பிக்கையோடு அவன் வழக்கத்தினும் ஐந்து கிலோமீட்டர் விரைந்து ஓட்டுவான். அவ்வைந்து கிலோமீட்டர்தான் அவனைப் பள்ளத்தில் சேர்க்கிறது. கல்விக்கூடங்களிலும் இதனைக் காண்கின்றோம். இலக்கணத்தில் ஒரு படலம் முடித்த மாணவன் ஊரிலுள்ளோர் பேச்சையெல்லாம் திருத்தப் புறப்படுவான். பத்துப் படலம் கற்றவன் நூலைத் திறந்து பார்த்துவிட்டே விடை சொல்வான். அறிவு வளர்ந்தோர் தம் அறியாமையின் எல்லையையும் கூடவே அறிந்துகொள்கின்றனர் என்பதை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதை வயல்வெளி அளவு பனிக்கட்டியில் அளந்து காட்டியதுதான் அந்நாட்டார் செய்த புதுமை. பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை வழுக்கவிட்டு, வழுக்கலின் இயல்பை உடம்புக்கே உணர்த்திவிடுகின்றனர். அதன்பின் ‘மெல்லப் போ’ என்று எவரும் சொல்லவேண்டியதில்லை.

இயந்திரங்களும் உதவிக்கு வந்துள்ளன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 1978-ல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. பிரேக்கை அழுத்தியிருக்கும்போதும் ஸ்டியரிங் வேலை செய்வது அதன் பயன். எனினும் பொலபொலப்பான பனியில் அது நிற்கும் தொலைவைக் கூட்டவும் கூடும். பூட்டிய சக்கரம் தன்முன் குவித்துக்கொள்ளும் பனிமேட்டின் தடை அங்கே கிடைப்பதில்லை. வண்டி சுழலத் தொடங்குவதை உணர்ந்து, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு நேராக்கும் இ.எஸ்.பி. என்னும் அமைப்பு 1995-ல் வந்தது. 1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று குறுக்கிடும் எல்க் மானைத் தவிர்க்க வளைவதுபோன்ற சோதனையில் மெர்சிடிஸின் புதிய சிறுகார் ஒன்றை ஓட்டியபோது அது கவிழ்ந்தது. அதன்பின் அந்நிறுவனம் அச்சிறு கார்கள் அனைத்திலும் இ.எஸ்.பி.யைப் பொருத்திற்று. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது. ஆயினும் முன்சொன்ன பணமுடிப்பைப் பங்கிட்டுத் தரத்தான் அதற்குத் தெரியும். முடிப்பில் ஒரு காசு கூட்ட அதனால் ஆகாது.

மனிதனும் இயந்திரமும் தவறுமிடத்தில் என் செய்வது? அந்நாட்டுப் பாராளுமன்றம் 1997-ல் ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் எவரும் உயிரிழக்கவோ படுகாயம் அடையவோ கூடாது. மனிதன் தவறு செய்வான் என்பதை முன்வைத்தே சாலையை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1998 முதல் பல நெடுஞ்சாலைகளின் நடுவே எஃகுக் கம்பிவடத் தடுப்புகளை அமைத்து வந்தனர். சறுக்கிய வண்டி எதிர்வரும் வண்டியின்மேல் பாயாமல் கம்பிவடம் அதைத் தாங்கிக்கொள்கிறது. வண்டி நசுங்கும்; உள்ளிருப்போர் பிழைப்பர். வழுவைக் கண்டு உயிரைப் பறிக்காத சாலை அது. ஆன்றோர் வழுவமைதி என்று ஒன்றை வகுத்தது சொல்லுக்காகத்தான். அதைச் சாலைக்கும் வகுக்கலாம் என்பதை அங்கே கண்டோம்.

மகளுக்கு உரிமம் கிடைத்துவிட்டது. இப்போது அவள் வீட்டிலிருந்து முன்னிலும் இருபது நிமிடம் முந்திக் கிளம்புகின்றாள். முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் இடையே, நம் ஊராயின் நான்கு வண்டிகள் புகுந்துவிடக்கூடிய இடைவெளி விடுகின்றாள். அவள் கற்றுக்கொண்ட திறமை அவ்வளவுதான். நம் மனம் அமைதியுறுவதற்கும் அதுவே போதுமானதாயிற்று.

இவ்விதழைப் படிக்கும் அன்பர் பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் நார்வேயிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். அவர்களிடம், ‘வண்டி நன்றாக ஓட்டுவாயா?’ என்று கேட்பதில் பயனில்லை; எல்லாரும் நன்றாக ஓட்டுவதாகவே சொல்வர். குளிர்கால டயர் மாற்றிவிட்டார்களா, அது தேய்ந்திருக்கிறதா, எத்தனை நிமிடம் முந்திக் கிளம்புகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வழியில் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து, ‘இன்னும் வரவில்லையா?’ என்று கேளாதிருங்கள். அவர்களை விரைவுபடுத்தாமல் இருப்பதே தொலைவிலிருந்து நாம் செய்யக்கூடிய உதவி.